கொல்லத்தில் தொடங்குது தண்ணி ரோடு! ராயகிரியில் இருந்து கொச்சிக்குப் படகில் போக முடியுமா?

ராயகிரி:-

ஆற்றிலேயே கப்பல். கப்பலுக்குள்ளேயே கட்டில், மெத்தை, ஏ.சி., மூணு வேளை சாப்பாடு. ராத்திரி ஒரு ஊரில் படுத்தால் காலையில் கண் முழிக்கும்போது வேற ஊர். இப்படியே 51 நாள் போய் இன்னொரு மாநிலத்தில் இறங்கலாம்... சினிமாக் கதை மாதிரி இருக்கும் இந்தப் பயணம் இந்தியாவில் நிஜமாகவே நடந்தது.

2023-ம் ஆண்டு ஜனவரி 13-ந்தேதி காசியில் இருந்து 'எம்.வி. கங்கா விலாஸ்' என்ற ஆற்றுக் கப்பலைப் பிரதமர் மோடி காணொலி மூலம் தொடங்கி வைத்தார். கங்கையில் இறங்கிய கப்பல் பாட்னா, கொல்கத்தா வழியாகப் போய், வங்கதேசத்துக்குள் நுழைந்து டாக்காவைத் தொட்டு, மறுபடியும் இந்தியாவுக்குள் வந்து பிரம்மபுத்திராவில் ஏறியது. பிப்ரவரி 28-ந்தேதி அசாம் மாநிலம் திப்ரூகர் போய்ச் சேர்ந்தது. மொத்தம் சுமார் 3,200 கி.மீ. தூரம், 27 ஆறுகள்.

கப்பலின் நீளம் 62 மீட்டர். அகலம் 12 மீட்டர். இத்தனை பெரிய கப்பலில் பயணிகளுக்கு இருந்தது வெறும் 18 அறை. 36 பேர்தான் தங்க முடியும். முதல் பயணத்தில் ஏறியவர்கள் 32 பேர். எல்லோருமே சுவிட்சர்லாந்து நாட்டுக்காரர்கள்!

ஒரு நாள் கப்பலுக்கு 85 நாள் கூலி

இந்தக் கப்பலில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் கட்டணம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது என்று அப்போது செய்தி வந்தது. அந்தக் கணக்கில் 51 நாளுக்கு 12 லட்சம் ரூபாயைத் தாண்டும்.

2023-24-ல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு 294 ரூபாய். அதாவது அந்தக் கப்பலில் ஒரே ஒரு நாள் போக ஒரு தொழிலாளி 85 நாள் மண்வெட்டி பிடிக்கணும். அதுவும் அந்தக் காசில் ஒரு டீ கூடக் குடிக்காமல்!

'சரி, இதெல்லாம் பணக்காரங்க சமாசாரம்' என்று செய்தியை மடித்து வைத்துவிட்டுப் போனவர்கள்தான் அதிகம். ஆனால் இதே மாதிரி ஏரியும் கால்வாயும் ஆறுமாகப் பட்டணத்துக்குப் போகும் தண்ணீர்ப் பாதை ஒன்று ராயகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் போக லட்சம் வேண்டாம். சில நூறு ரூபாயும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

சிவகிரி ரோடு எங்கே முடியுது?

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை... ராயகிரிக்காரர்கள் அன்றாடம் பஸ் ஏறும் இந்த ரோட்டுக்கு தேசிய நெடுஞ்சாலை 744 என்று பெயர். மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலத்தில் கிளம்பும் ரோடு, புளியரையில் மலை ஏறி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லத்தில் போய் முடிகிறது.

ரோடு அங்கே முடிகிறதே தவிர, பாதை முடியவில்லை. கொல்லத்தில்தான் தேசிய நீர்வழி 3 தொடங்குகிறது. கொல்லத்தில் இருந்து ஆலப்புழை, கொச்சி வழியாகக் கோட்டப்புரம் வரை 168 கி.மீ. இதோடு சேர்ந்த சம்பக்கரை, உத்யோகமண்டல் கால்வாய்களையும் கூட்டினால் 205 கி.மீ. 1993-ல் மத்திய அரசு இதை தேசிய நீர்வழியாக அறிவித்தது.

ரோட்டுக்கு நம்பர் இருப்பது மாதிரியே தண்ணீருக்கும் நம்பர். ரோட்டில் குழி விழுந்தால் அடைப்பது மாதிரி, நீர்வழியில் மண் மேடு தட்டினால் தூர் வாரணும். ரோட்டோரம் மைல் கல் மாதிரி, தண்ணீரில் மிதவையும் விளக்கும் வைத்து எது ஆழமான பாதை என்று காட்டணும். இதையெல்லாம் பார்க்க இந்திய உள்நாட்டு நீர்வழி ஆணையம் என்று தனி அமைப்பே உண்டு.

வண்டியும் வள்ளமும்

செங்கோட்டை 1956 நவம்பர் 1-ந்தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் திருவிதாங்கூர் பக்கம். ரயில் வராத காலத்தில் திருநெல்வேலிச் சீமைச் சரக்கு மாட்டுவண்டியில் ஏறி, ஆரியங்காவு கணவாய் தாண்டித்தான் கொல்லம் கடைத்தெருவுக்குப் போனது. கொல்லத்தைத் தாண்டினால் வண்டிக்கு வேலை குறைவு, வள்ளத்துக்குத்தான் வேலை. 1904-ல் செங்கோட்டை- கொல்லம் மலை ரயில் பாதை திறந்தார்கள். பதிமூணு கண் பாலம் எல்லாம் அப்போது கட்டியதுதான்.

மலைக்கு அந்தப் பக்கம் அன்றைக்கு சனங்களுக்குத் தண்ணீர்தான் ரோடு. நெல், கொப்பரை, கயிறு, ஓடு என்று எல்லாம் படகில்தான் போகும். கல்யாண வீட்டுக்குப் போவதும், ஆஸ்பத்திரிக்குப் போவதும், கோர்ட்டுக்குப் போவதும் படகில்தான்.

வழியில் வர்க்கலையில் மலை குறுக்கே நின்றது. அதற்கும் அசரவில்லை. 1867-ல் வேலையைத் தொடங்கி மலையைக் குடைந்தார்கள். ஒன்று 924 அடி, இன்னொன்று 2,364 அடி என இரண்டு சுரங்கம். உள்ளே படகு போகும். 1880 வாக்கில் வேலை முடிந்ததும் திருவனந்தபுரத்தில் இருந்து ஷொரணூர் பக்கம் வரை தண்ணீர்ப் பாதை இணைந்தது. 1918-ல் கொல்லத்தில் இருந்து திருவனந்தபுரத்துக்கு ரயில் வரும் வரைக்கும் தலைநகருக்கு இதுதான் பெரிய வழி.

ஆணி இல்லாத படகு

இன்று ஆலப்புழையில் சொகுசாக மிதக்கும் 'ஹவுஸ் போட்' பழைய சரக்குப் படகின் பேரன்தான். பெயர் கெட்டுவள்ளம். கெட்டு என்றால் கட்டு. ஆஞ்சிலி மரப் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியே படகு செய்துவிடுவார்கள். ஒரு ஆணி கிடையாது. தண்ணீர் இறங்காமல் இருக்க முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார்கள். பெரிய வள்ளம் 30 டன் வரை தாங்கும். இன்றைய கணக்கில் இரண்டு, மூன்று லாரி லோடு.

குட்டநாட்டு நெல்லை ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போகும் படகுக்காரர்களுக்குப் பயணம் நாள்கணக்கில் இருக்கும். இன்ஜின் கிடையாது. காற்று அடித்தால் பாய். இல்லாவிட்டால் நீள மூங்கில் கழியை ஆற்றடியில் ஊன்றித் தள்ளிக்கொண்டே போகணும். சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் படகிலேயே. பல நாள் ஆற்றுப் பயணம் என்று இன்று லட்சக்கணக்கில் விலை பேசும் விஷயத்தை அவர்கள் கூலிக்குச் செய்தார்கள்!

லாரியும் பாலமும் வந்தபிறகு வள்ளங்கள் கரையில் ஒதுங்கின. 1990-களின் தொடக்கத்தில் அவற்றில் கூரை போட்டு, கட்டில் போட்டு, பாத்ரூம் வைத்து சுற்றுலாவுக்கு விட்டார்கள். அந்த யோசனை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஆனால் ஹவுஸ் போட்டைக் கரையில் கட்டிவிடுவார்கள். காரணம், ராத்திரி மீனவர்கள் வலை போடும் நேரம். சுற்றுலாப் படகு குறுக்கே போனால் அவர்கள் வலையும் போச்சு, பிழைப்பும் போச்சு.

ஆனால் படகு பெருகப் பெருக பிரச்சினையும் பெருகியது. கழிவுநீரும் டீசல் கசிவும் ஏரியில் கலக்கிறது என்பது பல வருஷப் புகார். அஷ்டமுடி, வேம்பநாடு இரண்டுமே 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. அதாவது உலகமே காப்பாற்ற வேண்டும் என்று ஒத்துக்கொண்ட நீர்நிலைகள். அங்கே மீன் பிடிக்கிறவர்களும் கக்கா எனும் சிப்பி அள்ளுகிறவர்களும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் அடுப்பு எரிக்கிறார்கள்.

மூணு கட்டமாகக் கொச்சி

ஹவுஸ் போட்டுக்குக் காசு கூட. ஒரு ராத்திரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். சீசனில் இன்னும் ஏறும். காசு குறைவாகப் போக வேறு வழி இருக்கிறது. அது அரசு போட்டு. கேரளாவில் தண்ணீருக்கென்றே ஒரு போக்குவரத்துத் துறை இருக்கிறது. 1968-ல் இருந்து ஓடுகிறது. தலைமையிடம் ஆலப்புழை. டவுன் பஸ் மாதிரி டிக்கெட் வாங்கி ஏறலாம்.

முதல் கட்டம் கொல்லத்தில் இருந்து ஆலப்புழை. இந்தத் தடத்தில் நீர் போக்குவரத்துத் துறையின் சுற்றுலா போட்டு பல ஆண்டு பிரபலம். காலை 10.30 மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் 6.30 மணிக்குச் சேரும். முழுசாக 8 மணி நேரம். 2010-களில் கட்டணம் 300, 400 ரூபாய் என்ற அளவில்தான் இருந்தது. அஷ்டமுடி ஏரியில் தொடங்கி, ஒடுங்கிய கால்வாய்க்குள் நுழைந்து, சவறை, அமிர்தபுரி, திருக்குன்றப்புழை, தோட்டப்பள்ளி என்று போகும். இரண்டு பக்கமும் தென்னை, வலை, கயிறு திரிக்கும் வீடுகள். ஒரு பக்கம் காயல், கொஞ்சம் தள்ளி இன்னொரு பக்கம் கடல்.

இரண்டாவது கட்டம் ஆலப்புழையில் இருந்து கோட்டயம். இது சுற்றுலா போட்டே கிடையாது. ஊர்ச்சனம் போகும் சாதா போட்டு. சுமார் இரண்டரை மணி நேரம். டிக்கெட் 100 ரூபாய்க்குள்தான். ஸ்கூல் பிள்ளைகளும், மீன்கூடை அம்மாக்களும், ஆபீஸ் போகிறவர்களும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்து வருவார்கள். வழியில் குட்டநாடு. கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளையும் பூமி. படகு மேலே போகும், வரப்புக்கு அந்தப் பக்கம் வயல் கீழே கிடக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷம் கண்ணைக் கசக்கித்தான் பார்ப்பார்கள்.

மூன்றாவது கட்டத்துக்குக் கோட்டயத்தில் இருந்து பஸ் ஏறி வைக்கம் போகணும். தமிழ்நாட்டுக்காரர்கள் மறக்கக்கூடாத ஊர். 1924-ல் கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லா சாதியாரும் நடக்க உரிமை கேட்டுப் போராட்டம் நடந்தது. ஈரோட்டில் இருந்து பெரியார் வந்து சிறைக்குப் போனார். 1925 மார்ச்சில் காந்தி வந்து இறங்கியதும் வைக்கம் படகுத்துறையில்தான். புதுப்பித்த பெரியார் நினைவகத்தை 2024 டிசம்பர் 12-ந்தேதி அப்போது முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார்.

வைக்கத்தில் இருந்து அக்கரையில் உள்ள தவணக்கடவுக்கு 'ஆதித்யா' என்ற போட்டு 2017 ஜனவரியில் ஓட ஆரம்பித்தது. இந்தியாவின் முதல் சோலார் பயணிகள் படகு. 75 பேர் உட்காரலாம். கூரை முழுக்க சோலார் பலகை. டீசல் நாற்றமும் இல்லை, தடதட சத்தமும் இல்லை.

அக்கரையில் இறங்கி சேர்த்தலை வழியாக பஸ் பிடித்தால் கொச்சி. அங்கே கடைசித் தண்ணீர்ப் பயணம் வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரல் 25-ந்தேதி தொடங்கியது. பேட்டரியில் ஓடும் ஏ.சி. படகு. 100 பேர் ஏறலாம். தொடங்கியபோது குறைந்த கட்டணம் 20 ரூபாய். ஆக, முழுக்க முழுக்கத் தண்ணியிலேயே போக முடியாவிட்டாலும், நடுவில் இரண்டு பஸ் மாறி, மூன்று நாளில் ஏரி, கால்வாய், ஆறு எல்லாம் பார்த்துக் கொச்சிப் பட்டணத்தில் இறங்கிவிடலாம்.

லாக் எப்படி வேலை செய்யுது?

கொல்லம்- ஆலப்புழை பாதையில் திருக்குன்றப்புழையில் ஒரு 'லாக்' உண்டு. தமிழில் நீர்ப்பூட்டு. கால்வாயில் ஒரு பக்கம் தண்ணீர் மேலே, இன்னொரு பக்கம் கீழே இருந்தால் படகு எப்படி இறங்கும்? அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

கால்வாயின் குறுக்கே கொஞ்ச தூரம் தள்ளித் தள்ளி இரண்டு கதவு. நடுவில் ஒரு தொட்டி. படகு தொட்டிக்குள் வந்ததும் பின்கதவை மூடுவார்கள். முன்கதவின் மதகைத் திறந்தால் தொட்டித் தண்ணீர் மெதுவாக இறங்கும். கூடவே படகும் இறங்கும். இரண்டு பக்கமும் தண்ணீர் சமமானதும் முன்கதவு திறக்கும். படகு போய்விடும். ஏறி வரும் படகுக்கு இதையே தலைகீழாகச் செய்வார்கள். மோட்டார் போட்டுத் தூக்குவது எல்லாம் இல்லை. தண்ணீரே தூக்கும், தண்ணீரே இறக்கும்.

லாக் இன்னொரு வேலையும் பார்க்கும். கடல் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறாமல் தடுக்கும். வேம்பநாட்டு ஏரியில் 1970-களில் கட்டிய தண்ணீர்முக்கம் தடுப்பணை இதற்காகத்தான். கோடையில் ஷட்டரை இறக்கினால் குட்டநாட்டு நெல் பிழைக்கும். ஆனால் மீன் நடமாட்டம் தடைபடுது என்பது மீனவர்கள் புகார். விவசாயிக்கும் மீனவருக்கும் நடுவே அந்த ஷட்டர் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பது வருஷா வருஷம் பஞ்சாயத்துதான்.

தாமிரபரணியில் ஏன் ஓடலை?

'அங்கே ஓடுது, இங்கே ஏன் ஓடலை?' யாருக்கும் வரும் கேள்வி இது. குற்றாலம் பக்கம் படகு என்றால் ஐந்தருவி போகும் வழியில் வெண்ணமடை குளத்துப் படகு சவாரிதான். அதுவும் சாரல் விழுந்து குளம் பெருகினால்தான் உண்டு.

காகிதத்தில் மட்டும் தாமிரபரணியும் தேசிய நீர்வழிதான்! 2016-ல் வந்த தேசிய நீர்வழிகள் சட்டத்தில் நாடு முழுக்க 111 நீர்வழிகளைச் சேர்த்தார்கள். அதில் 99-ம் நம்பர் தாமிரபரணி. திருநெல்வேலி சுலோச்சன முதலியார் பாலத்தில் இருந்து புன்னக்காயல் கடல் முகம் வரை. வைகை, பாலாறு, பவானி, காவிரி- கொள்ளிடம் எல்லாமே பட்டியலில் உண்டு. குமரி மாவட்டத்தில் 1860-ல் வெட்டிய ஏ.வி.எம். கால்வாய்க்கும் ஒரு நம்பர் இருக்கிறது.

ஆனால் நம்பர் போட்டால் கப்பல் ஓடிவிடாது. கப்பல் ஓட வருஷம் முழுக்க ஒரே சீரான ஆழம் வேண்டும். கங்கா விலாஸ் தட்டையான அடிப்பாகம் கொண்ட கப்பல். அதற்கே 1.4 மீட்டர் தண்ணீருக்குள் மூழ்கும். அதன்கீழே இடைவெளியும் வேண்டும். இமயமலைப் பனி உருகி வரும் கங்கைக்கு அது முடியும். தாமிரபரணி மழையை நம்பிய ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் கரை புரளும். பங்குனி, சித்திரையில் முழங்கால் தண்ணீர்.

இன்னொரு காரணம் அணைக்கட்டுகள். தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டு. திருநெல்வேலிக்குக் கீழே மட்டும் மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் குறுக்கே நிற்கின்றன. குற்றாலத்தில் பிறக்கும் சிற்றாற்றுத் தண்ணீரும் வழியெல்லாம் குளத்துக்குத் திரும்பி, மிச்சம்தான் சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது.

இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. இந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு முதல் வேலை வயல். இரண்டாவது வேலை குடிநீர். கப்பலுக்கென்று ஆற்றில் தண்ணீரைத் தேக்கி நிறுத்தினால் கடைமடைக்காரன் என்ன செய்வான்? சிவகிரி, ராயகிரி பக்கம் ஒரு குளம் நிறையவில்லை என்றால் அந்த வருஷம் வயல் தரிசுதான். கேரளக் கரையில் மழையும் அதிகம், கடலோரம் ஏரியும் அதிகம். அதனால் அங்கே தண்ணீர் ரோடாச்சு. இங்கே தண்ணீர் சோறாச்சு.

சென்னைக்கும் ஒரு காலத்தில் படகு

தமிழ்நாட்டில் படகுப் பாதையே இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. சென்னையில் கூவம் மாதிரி கறுத்துக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாய் ஒரு காலத்தில் அந்தப் பட்டணத்தின் சரக்கு ரோடு. 1800-களின் தொடக்கத்தில் சென்னையில் இருந்து எண்ணூருக்கு முதலில் வெட்டினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சோற்றுக்கு வழியில்லாமல் வந்த சனங்களுக்கு நிவாரண வேலை கொடுத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டினார்கள். மண் சுமந்தது பஞ்சத்தில் அடிபட்ட கூலிகள். பெயர் மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபு பெயர்!

ஆந்திராவின் பெத்தகஞ்சத்தில் இருந்து மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. விறகு, உப்பு, நெல், சவுக்கு என்று பாய் கட்டியும், கரையில் நடந்தே கயிறு போட்டு இழுத்தும் படகு வந்தது. 1965-66, 1976 புயல்களில் கால்வாய் சேதமானது. லாரியும் ரயிலும் வேலையைப் பிடுங்கிக்கொண்டன. பிறகு சாக்கடை விட்டார்கள். பறக்கும் ரயில் தூணையும் கால்வாயிலேயே நட்டார்கள். படகு போக்குவரத்து முடிந்தது. ஒரு தண்ணீர் ரோடு எப்படிச் சாகும் என்பதற்கு அது சாட்சி.

உயிர்தான் முக்கியம்

படகுப் பயணத்தில் ஜாலி மட்டும் இல்லை. கொல்லம்- ஆலப்புழை பாதையில் பல்லனை என்று ஒரு இடம். 1924 ஜனவரி 16-ந்தேதி கொல்லத்தில் இருந்து வந்த 'ரிடீமர்' என்ற நீராவிப் படகு அங்கேதான் கவிழ்ந்தது. இறந்தவர்களில் ஒருவர் மலையாள மகாகவி குமாரன் ஆசான். படகில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது.

நூறு வருஷம் ஆகியும் அதே காரணம் திரும்பத் திரும்ப வருகிறது. 2002 ஜூலை 27-ந்தேதி முகம்மாவில் இருந்து குமரகம் போன போட்டு கவிழ்ந்து 29 பேர் பலியானார்கள். அரசு வேலைத் தேர்வு எழுதக் கிளம்பியவர்கள் அதில் பலர். 2009 செப்டம்பர் 30-ந்தேதி தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் பலி. 2023 மே 7-ந்தேதி தானூரில் மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் பலி. பிள்ளைகளும் அதில் அடக்கம்.

இந்தச் செய்திகளில் இருந்து தெரிவது இதுதான். படகு பெரும்பாலும் புயலால் கவிழ்வதில்லை. 'இன்னும் ரெண்டு பேர் ஏறிக்கோங்க' என்ற ஆசையால் கவிழ்கிறது. எல்லோரும் ஒரே பக்கம் ஓடி போட்டோ எடுப்பதால் கவிழ்கிறது. லைப் ஜாக்கெட் இருந்தும் மூலையில் குவித்து வைத்திருப்பதால் சாவு கூடுகிறது.

அதே சமயம் படகு உயிரைக் காப்பாற்றியதும் உண்டு. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் குட்டநாடே மூழ்கியபோது சனங்களைக் கரை சேர்த்தது அரசு போட்டும், ஹவுஸ் போட்டும், மீனவர்களின் வள்ளமும்தான்.

போறதுக்கு முன்னாடி...

* சென்னை- கொல்லம் எக்ஸ்பிரஸ் ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிறது. மலைப் பாதை அகலமாகி 2018-ல் மறுபடியும் திறந்ததில் இருந்து ரயிலும் ஒரு நல்ல வழி. பஸ்சில் போகிறவர்கள் தென்காசியில் கேரள பஸ் மாறலாம்.

* நீண்ட தூர சுற்றுலா போட்டு எல்லா நாளும், எல்லா சீசனிலும் ஒரே மாதிரி ஓடாது. கொல்லம், ஆலப்புழை படகுத்துறையில் போன் போட்டு விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. அது இல்லாவிட்டாலும் ஆலப்புழை- கோட்டயம் சாதா போட்டு கைகொடுக்கும்.

* ஆனி, ஆடியில் கேரளாவில் பேய் மழை. குற்றால சீசனோடு சேர்த்துப் போட்டுப் பயணம் என்று திட்டம் போட வேண்டாம். கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம்.

* தனியார் படகு என்றால் லைசென்ஸ் நம்பர், எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணிக்கை இரண்டையும் படகிலேயே எழுதியிருக்கணும். இல்லை என்றால் ஏறவே வேண்டாம். எண்ணிக்கையைத் தாண்டி ஆள் ஏற்றினால் காசு போனாலும் பரவாயில்லை என்று இறங்கிவிடணும்.

* பிள்ளைகளுக்கு அவர்கள் அளவு லைப் ஜாக்கெட் கேட்டு வாங்கி, கொக்கி மாட்டிய பிறகே படகு நகரணும். பெரியவர்கள் சைஸைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது கழன்றுவிடும்.

* தின்று முடித்த பாக்கெட், பாட்டில் எதையும் தண்ணீரில் போட வேண்டாம். பையிலேயே வைத்துக் கரையில் போட்டால் போதும். அந்தக் காயல்தான் அங்கே இருப்பவர்களுக்கு வயலும் வீதியும்.

கொல்லம் படகுத்துறையில் நிற்கும் சாதா போட்டில் சுவிட்சர்லாந்துக்காரரும் ஏறலாம், சிவகிரிக்காரரும் ஏறலாம். டிக்கெட் இருவருக்கும் ஒரே விலைதான்.